முன்வரிசையில் கதாநாயகி

என் நாவலின் கதாநாயகி மேல் நானே ஒரு கோப்பை பிளேன் ரீயைக் கொட்டிவிட்டேன். பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மண்டபம், நூல் வெளியீடு. வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் இருந்த ஜிஸ்லேனை முதன்முதலாக நேரில் கண்ட பதற்றம்.

இனி மேசை பறக்கும் என்று ஒதுங்கி நின்றேன். அவளோ என்னிடமே "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, சட்டையை ஒத்தியபடி குனிந்திருந்தாள். புயலுக்கு முந்திய அமைதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜிஸ்லேன், என் மனைவி மேரிறோஸோடு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் கறுப்பினப் பெண். அவளுடைய கூத்துகளைச் சாப்பாட்டு மேசையில் மேரிறோஸ் நடித்தே காட்டுவாள். வேலை நேரத்தில் கதைக்கக்கூடாது என்ற சூப்பர்வைசரின் கழுத்தில் தன் ஏப்ரனைக் கழற்றிக் கட்டி, இனி நீயே அயன் பண்ணு என்றது. தனியாகப் படத்துக்குப் போனது. யாரையும் கேளாமல் நீச்சல் பழகியது. நான் வாய் பிளந்து கேட்பேன்.

கேட்டதை அப்படியே எழுதினேன். என் பங்குக்குச் சேர்த்தது 'ஆபிரிக்கக் காட்டாறு', 'கருஞ்சிறுத்தை' போன்ற சொற்களை மட்டும்தான். அவள் பிறந்து வளர்ந்தது பாரிசின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் என்பது, புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

விமர்சிக்க வந்த செபஸ்தியாம்பிள்ளை அண்ணை, முன்னுரையில் 'உண்மைக் கதை' என்று போட்டது சுத்தப் பொய் என்றார். இப்படி ஒரு பொம்பிளை பாரிசிலேயே இல்லையாம். மண்டபம் சிரித்தது. ஐந்து வருட எழுத்தும் மிச்சமிருந்த மானமும் இனி ஜிஸ்லேனின் ஒரு சொல்லில்தான் இருந்தன.

ஒலிவாங்கியை அவளிடம் நீட்டி, இதையெல்லாம் செய்த சிறுத்தை நீங்கள்தானே என்று பிரெஞ்சில் கேட்டேன்.

சிறுத்தை தானில்லை என்றாள். சலவைக்கூடத்தில் சத்தமாகத் தும்மியதுகூட இல்லையாம்.

அப்படியானால் அந்த ஏப்ரனைக் கட்டியது யார் என்றேன். அவள் பக்கத்திலிருந்த மேரிறோஸை மெல்லப் பார்த்தாள். மண்டபமே பார்த்தது. மேரிறோஸ் தலை குனியவில்லை.

ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு மனைவிக்குக் கிட்டப் போனேன்.

"நீரோ செய்தனீர்? பிறகேன் அவவின்ரை பேரிலை சொன்னனீர்?"

"அவ செய்ததெண்டாப் புத்தகம் எழுதுவியள், நான் செய்ததெண்டா வேலையை விட்டுட்டு வீட்டிலை இருக்கச் சொல்லுவியள்."