ஷெல் பட்ட இடம்

கோயில் வாசலில் நின்று வாகீசன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்.

இந்தக் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போகக்கூடாது. அதனால்தான் ஒப்பரேசனுக்குப் பிறகு ஒரு வருடமாக அவர் வெளிவீதியில் நின்றே கும்பிட்டுவிட்டுப் போனார். மினிபஸ் ஓட்டுகிற மனுசனுக்கு உள்ளே வர நேரமில்லையாக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

இன்றைக்கு அப்படித் தப்ப முடியாது. இன்றைய திருவிழா அவர்கள் குடும்பத்தின் உபயம். வீட்டுக்கு மூத்தவர் அவர். விரலில் தர்ப்பை போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, சுவாமிக்கு முன்னால் நிற்க வேண்டியவர்.

சட்டையைக் கழற்றி மடித்து மனைவி துஷாந்தினியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

இடது மார்பு இருந்த இடத்தில் மார்பு இல்லை. அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரைக்கும் ஒரு நீளத் தழும்பு.

பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஆணின் உடம்பில் தழும்பைக் கண்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. சண்டைக்கால ஷெல்தான், வேறென்ன?

தம்பி ஜெயசுதனும் அதைத்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அண்ணையின் பஸ்ஸில் அவன்தான் கொண்டக்டர். காங்கேசன்துறையில் தொடங்கினால் யாழ்ப்பாணம் வரைக்கும் அதே கதை. உபயத்துக்குத் தானே நிற்பதாகச் சொல்லிப் பார்த்தான். அண்ணை மசியவில்லை என்றதும், கேட்கிறவர்களுக்கு ஷெல் என்று சொல்லும்படி கெஞ்சினான். எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பெண்களின் நோய், பெண்களின் வருத்தம் வந்திருக்கிறதென்று ஊர் கதைக்கக்கூடாது என்றான்.

பெண்களின் வருத்தமாம். வாகீசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரும் அப்படி நினைத்துத்தான் கெட்டார். மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, ஸ்டியரிங் இடித்த வீக்கம் என்று மாதக்கணக்கில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் கிளினிக்குக்குப் போனால் குந்தியிருக்கிற வாங்கு முழுக்கப் பெண்கள். எல்லோரும் துஷாந்தினிக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். இல்லை, வருத்தக்காரன் இவர்தான் என்று சொல்லிச் சொல்லிக் களைத்த அந்த மனுசி, பிறகு எல்லா ஆறுதலையும் தானே வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆணின் உடம்பிலும் பெண் ஹோர்மோன் கொஞ்சம் ஓடுகிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். வாகீசனின் புற்றுக் கலங்களில், அதாவது செல்களில், அந்த ஹோர்மோன் வந்து அமர்வதற்கென்றே ஏற்பிகள் இருந்தனவாம். அது வந்து அமர்ந்தால் ‘வளர்’ என்று கலத்துக்குச் செய்தி போகும். தினமும் விழுங்குகிற தமொக்சிபென் குளிசை முந்திப் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வாகீசனுக்கு அது உடனே பிடிபட்டது. பஸ் யன்னலுக்குள்ளால் முகம் துடைக்கிற லேஞ்சியைப் போட்டு சீற் பிடிக்கிற வேலை. இதைச் சொன்னபோது டொக்டரே சிரித்துவிட்டார். கூடப் போயிருந்த ஜெயசுதன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் குளிசை உடம்பில் திடீர் திடீரென்று அனலைக் கிளப்பும். வசந்த மண்டபத்துக்கு முன்னால் நின்றபோதும் கிளப்பியது. வியர்வை தழும்பு வழியே இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

கோயில் தலைவர் நமசிவாயம், கனடாவிலிருந்து வந்திருந்த சிலரை முன்னுக்குக் கூட்டிவந்தார். மேளம் ஓய்ந்திருந்த நேரம். வாகீசனின் நெஞ்சைக் காட்டி, ஷெல் பட்டும் தப்பின உடம்பு என்று பெருமையாகச் சொன்னார். தம்பிதான் முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். வந்தவர்களில் ஒருவர் கையெடுத்துக் கும்பிடவும் செய்தார்.

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். சாகும்வரை மரியாதை. எதிரே நின்ற ஜெயசுதன் கண்ணாலேயே மன்றாடினான்.

நாளைக்கு இன்னொருவனும் இப்படித்தான் எண்ணெய் தடவிக்கொண்டு இருப்பான் என்று வாகீசனுக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஷெல் இல்லை. மார்புப் புற்றுநோய். ஆம்பிளையளுக்கும் வரும். கட்டி தட்டுப்பட்டால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதேங்கோ.”

பஸ்ஸில் பின் சீற்வரை கேட்டுப் பழகிய குரல். பெண்கள் பக்கமும் கேட்டது.

நமசிவாயம் குத்துவிளக்கைப் பார்க்கத் தொடங்கினார். கும்பிட்ட கை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது. ஐயர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் தர்ப்பையை நீட்டினார். வாகீசன் விரலைக் கொடுத்தார். வெட்கப்பட அவர் என்ன களவெடுத்தாரா?

திரும்பிப் பார்த்தபோது ஜெயசுதனைக் காணவில்லை.

போகட்டும் என்று விட்டார். ஆனாலும் பூசை முடியும்வரை அது நெஞ்சில் கிடந்து அரித்தது. ஒரே தம்பி. மானம் போய்விட்டதென்று இனிப் பஸ்ஸுக்கும் வரமாட்டான், வீட்டுக்கும் வரமாட்டான். உபயகாரருக்குக் கொடுக்கிற காளாஞ்சித் தட்டை வாங்கிக்கொண்டு, சண்டைக்குத் தயாராகத் தேடிப் போனார்.

ஜெயசுதன் மேற்கு வீதி மதிலோடு நின்றான். சட்டையை இன்னும் போடவில்லை. அண்ணைக்கு இருப்பதுபோல அகன்ற நெஞ்சு, ஒரு கீறல் இல்லை.

வெட்கமென்றால் நாளையிலிருந்து வேறு பஸ் பார்க்கும்படி வாகீசன் சொன்னார். அவன் அண்ணையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வலது மார்பில் வைத்து அழுத்தினான்.

தோலுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில். தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“எப்ப இருந்தடா?”

“உங்கடை ஒப்பரேசனுக்கு முதலே, அண்ணை.”