வெள்ளம் வந்த தேதி

இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை; முனியப்பன் கோயில் சூலத்தைத் தொட்டுச் சத்தியம்.

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஆற்றோர ஊர். அங்கே வி.ஏ.ஓ.வாக இருந்த வெண்மதிக்கு, மூன்று நாளில் வெள்ளம் வரும் என்று முன்னறிவிப்பு வந்தது. அதற்குள் மாடுகளை மேட்டுக்கு ஏற்ற லாரி வேண்டும். கரையோரத்துக் கிழவி குள்ளம்மாளின் பசு வேறு நிறைசினை.

தாலுகா ஆபீஸில் கிளார்க் சவுரியப்பன், லாரி கேட்டு அவள் நீட்டிய படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“வெள்ளம் வந்த தேதி காலியா இருக்குதுங்களே, மேடம்.”

“இன்னும் வரலீங்க சார். வர்றதுக்குள்ள மாட்ட ஏத்தணும்.”

“வந்துட்டுப் போனப்புறம் வாங்க. உடனே லாரி தர்றோம்.”

வெண்மதி யோசித்தாள். வரப்போகிற வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டு, காலை ஆறு மணி என்றும் எழுதினாள். சவுரியப்பன் நிம்மதியாகச் சீல் குத்தினார்.

லாரி வந்தது. மேட்டுப் பள்ளிக்கூடத்தில், கரும்பலகைக்குக் கீழே, குள்ளம்மாளின் பசு கன்று போட்டது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வெள்ளம் வந்தது. சத்தமே இல்லை. ஒவ்வொரு கொட்டகையாக எட்டிப் பார்த்தது. ஓர் ஆட்டுக்குட்டிகூட அகப்படாததால், களத்துமேட்டில் கொஞ்ச நேரம் கூச்சத்தோடு நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது.

மறுநாள் குள்ளம்மாள் சீம்பாலோடு வந்தாள்.

“ஏங்கண்ணு, வர்ற செவ்வாய்க்கிழமைக்கு நம்ம கடலைக்கொல்லைக்கு ஒரு உழவு மழை எழுதிப் போட்டுடேன்.”

“எழுதலாங்க ஆயா. காலையிலயா, சாயங்காலமா?”

இத்தனையும் நடந்த அந்த ஆண்டு முழுவதும் ஒரு சொட்டு மழையில்லை என்று, அந்தத் தாலுகாவை அரசு வறட்சிப் பகுதியாக அறிவித்தது.