நீட்டிய கை

சாப்பாட்டுக் கடையில் ரசம் கொஞ்சம் கூடிப்போனதற்கு, “இது எலையா, வாய்க்காலா?” என்று கேட்டான் ராசு. அந்த ஒரு பேச்சுக்காகக் கடைக்காரன் செங்கோடன், காய் நறுக்கும் கத்தியால் அவனைக் குத்திக் கொன்றான். ஆயுள் தண்டனை விழுந்தது. ஆறு வருடம் கழித்து மேல்முறையீட்டில் விடுதலை.

சிறை வாசலில் காத்திருந்த செங்கோடனின் மனைவி பாவாயியிடம் வக்கீல் சிரித்தபடி சொன்னார்: “உங்க சாட்சிதானுங்க அக்கா காப்பாத்துச்சு. ராசு கை நீட்டினான்னு சொன்னீங்கல்ல? மொதல்ல அடிச்சது அவன்தான், இவர் தடுக்கப்போய்க் குத்தினார்னு கோர்ட்டு ஏத்துக்கிச்சு.”



“ஐயோ, அவன் அடிக்கலீங்க. வேண்டாங்ண்ணா, வேண்டாங்ண்ணான்னு கையை நீட்டினானுங்க. இப்படி.”

விரல்களை விரித்து, உள்ளங்கையை முன்னால் நீட்டிக் காட்டினாள். கத்தி முதலில் அங்கேதான் இறங்கியது.

“மெதுவாப் பேசுங்க. கையை இறக்குங்க,” என்றார் வக்கீல்.

கை இறங்க மறுத்தது.

பெரிய கதவிலிருந்த சின்னக் கதவு திறந்தது. துணிப்பையோடு குனிந்து வெளியே வந்த செங்கோடன் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தான். ஒரு கால் இன்னும் உள்ளே இருந்தது. அதை அவன் எடுத்து வைக்கவில்லை.