மணி ஒன்றானால்

கள்ளக்குறிச்சியில் வேலை பார்த்த ஆல்பின், புரோகிராமிங் வகுப்பில் முதல் பாடம் படித்தான்: 'இது வந்தால், அதைச் செய்.'

அன்றே போனில் எழுதிவைத்தான். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து மனைவி ஜூலியாவின் 'சாப்டீங்களா?' வந்தால், 'ஆச்சு கண்ணு' என்று போனே அனுப்பிவிடும்.

மூன்று மாதம் ஒருநாள் தவறாமல் கேட்டாள். அவனுக்கு மனசு உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிட மலையேறினான்.

ஜூலியா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அவன் போனில் வந்தது: 'சாப்டீங்களா?'

அவள் கையில் கரண்டிதான் இருந்தது.

"அடிப்பாவி, இத்தினி நாளா மெஷினா கேட்டுக்கினு இருந்துச்சு?"

"மணி ஒண்ணானா கேக்கும். நானும் போன்லயே புரோகிராமிங் கத்துக்கினேங்க."

சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்த்தாள். 'ஆச்சு கண்ணு' என்று வந்திருந்தது.

எதிரே, இன்னும் கை வைக்காத சோறு.

"ஆச்சாமே" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.