கிரீடம் வைத்த படம்

"இன்னா கூத்து இது! என் புள்ள கிரீடம் வெச்சிக்கினு நிக்கறான், பக்கத்துல இந்தப் பொண்ணு நின்னு பல்லை இளிச்சிக்கினு கீது!"

வசந்தி போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

மயிலாப்பூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள் அவள். மகன் பிரபு கார்ப்பரேஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பேச்சு திக்கும். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை, வாசிப்பு நாளில் எழுந்து நின்று ஒரு பக்கம் முழுக்கச் சத்தமாகப் படித்துவிட்டான். மஹ்விஷ் டீச்சர் அவன் தலையில் ஜிகினாக் காகிதக் கிரீடம் வைத்து, படம் எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

'இவனாவது, பேசறதாவது' என்று சொன்ன நாத்தனாருக்கு பிரேம் போட்டே அனுப்ப வேண்டிய படம். அதில் போய் கூடப் படிக்கிற இந்தக் கயல், விரலால் மேலுதட்டைத் தூக்கிக்கொண்டு 'ஈ' என்று நிற்கிறாள்!

"அ... அது வந்தும்மா... அவ..." என்று ஆரம்பித்தான் பிரபு.

"நீ சும்மா இரு. இப்படி வாயில்லாப்பூச்சியா இருந்தா எல்லாரும் ஏறித்தான் மிதிப்பாங்க."

செவ்வாய்க்கிழமை பள்ளித் தோட்டத்தில் கீரை பறித்தார்கள். படத்தில் கீரைக்கு முன்னால் கயலின் பல். புதன்கிழமை மாறுவேடப் போட்டி. போலீஸ், டாக்டர், பூக்காரி எல்லோருக்கும் நடுவில் அதே 'ஈ'.

வியாழக்கிழமை காலை வசந்தி பள்ளியில் போய் நின்றுவிட்டாள்.

"மிஸ், ஒரு படமாச்சும் உருப்படியா கீதா? எல்லாத்துலயும் வந்து பழிப்பு காட்டுது. பெத்தவங்க கேக்கவே மாட்டாங்களா?"

டீச்சர் கயலைக் கூப்பிட்டார். "ஏன் கயல் இப்படிப் பண்றே?"

கயல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஒழுங்கா நிக்கறதா இருந்தா நில்லு. இல்லேன்னா படம் எடுக்கும்போது பின்னாடி போயிடு. சரியா?"

கயல் தலையாட்டினாள். கோட்டையைப் பிடித்த மாதிரி வசந்தி வீடு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. சாயங்காலம் படங்கள் வரிசையாக வந்தன. சாக்கு ஓட்டம், லெமன் ஸ்பூன், கயிறு இழுத்தல். ஒன்றில்கூடக் கயல் இல்லை. பிரபு ஸ்பூனைக் கவ்விக்கொண்டு ஓடுகிற படம் பளிச்சென்று இருந்தது. வசந்தி அதற்கு ஒரு ஹார்ட் போட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள்.

குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. வெளிநாட்டு நம்பர்.

"மிஸ், நான் கயலோட அம்மா பொன்மணி, குவைத்துலேர்ந்து பேசறேன். இங்க நான் வேலை செய்யற வீட்டுல வெள்ளிக்கிழமை மட்டுந்தான் போனைக் கையில குடுப்பாங்க, கொஞ்ச நேரத்துல வாங்கிக்குவாங்க. நான் கெளம்பசொல்லோ எம்பொண்ணுக்கு முன்பல்லு வுழுந்துச்சு. இப்போ மொளைக்குதாம். அவங்கப்பா போன்ல படம் எல்லாம் வராது. 'ஸ்கூல் போட்டோவுல காட்றேம்மா, பாத்துக்கோ'ன்னு சொல்லிச்சு. காட்டிக்கீது மிஸ், பாத்தேன். கொஞ்சூண்டு வெள்ளையா தெரியுது, பல்லா இன்னான்னுதான் புரியல. சரி, இன்னிக்குப் படத்துல நல்லா பாக்கலாம்னா அவளையே காணோமே... உடம்பு கிடம்பு சரியில்லியா மிஸ்?"

வசந்திக்குத் தன் கன்னத்தில் தானே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. டீச்சர் இன்னும் போனைப் பார்க்கவில்லை.

அவளே மைக்கை அழுத்தினாள். "அக்கா, நான் பிரபு அம்மா. கயல் நல்லா கீறா. போனைக் குடுத்துடாதீங்க, தோ, வந்துட்டேன்!"

பாதி தைத்த பிளவுஸ் மெஷினிலேயே கிடந்தது. "கயல் வூடு தெரியுமாடா?" என்றாள். பிரபு ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு தெரு தள்ளி, அப்பாவின் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து கயல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கயலு, ஈ காட்டும்மா."

அவள் சட்டென்று வாயைப் பொத்தினாள். "மிஸ் திட்டுவாங்க ஆன்ட்டி."

"திட்டமாட்டாங்கடா கண்ணு. மிஸ்கிட்ட ஆன்ட்டி சொல்லிக்கிறேன். அங்க உங்கம்மா காத்துக்கினு கீறாங்க. நல்லா பெருசா காட்டு!"

விரல் மேலுதட்டைத் தூக்கியது. ஈறிலிருந்து பாதி எட்டிப் பார்த்தபடி ஒரு புதுப் பல்.

படம் போனது. உடனே பதில் வந்தது.

"எம்மாடி, மொளைச்சிடுச்சுடி! ஏய், பக்கத்துப் பல்லு சாஞ்சாப்ல கீதே, அதுவும் ஆடுதா? நாக்கால தள்ளாதடி!"

கயல் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தாள். வசந்தி அந்த மெசேஜை அவளுக்கு மறுபடி மறுபடி போட்டுக் காட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பிரபுவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏன்டா, கிரீடம் வெச்ச அன்னிக்கு அவ உன் பக்கத்துல வந்து நின்னப்ப, உனக்குக் கோவம் வரலியா?"

பிரபு வாயைத் திறந்தான். சொல் சிக்கிக்கொண்டது. இந்தத் தடவை வசந்தி குறுக்கே பேசவில்லை. நடப்பதை நிறுத்திவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அ... அவளா வரலம்மா. நா... நான்தான் இழுத்து நிக்க வெச்சேன். கிரீடம் வெச்ச படத்தை மிஸ் க... கண்டிப்பா குரூப்புல போடுவாங்கள்ல?"