இந்தத் தடவையாவது…

"இந்தத் தடவையும் வேண்டாம்னுட்டா அழக் கூடாது, சரியா?" பர் துபாயில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னான் பாலமுரளி.

"வாயைக் கழுவுங்க! ஆறு மாசமா விழுந்து விழுந்து தயாராகியிருக்கேன்" என்றபடி மனைவி சுகந்தி இறங்கிக் கட்டடத்துக்குள் போனாள்.

ஏற்கெனவே இரண்டு தடவை, தகுதி போதாது என்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாலமுரளிக்குக் காருக்குள் இருப்புக் கொள்ளவில்லை. இறங்கிப்போய் எதிரே இருந்த கஃப்டீரியா வாசலில் நின்றான்.

கொஞ்ச நேரத்தில் சுகந்தி சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க!" நடுத்தெரு என்றும் பாராமல் அவன் கையைப் பிடித்துக் குதித்தாள்.

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த தமிழர் ஒருவர், "வாழ்த்துகள்மா! சம்பளம் எவ்வளவு?" என்றார்.

"சம்பளமா? கொடுத்ததே நான்தாண்ணே!" முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டினாள் சுகந்தி. "ரத்தசோகைன்னு ரெண்டு தடவை என் ரத்தத்தை வேண்டாம்னுட்டாங்க. மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம்னு சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு, இன்னிக்குக் கொடுத்துட்டேன். எனக்குப் பொண்ணு பொறந்தப்ப, முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்துலதான் நான் பொழைச்சேன். இனிமே நானும் யாரோ ஒருத்தர் உடம்புல ஓடப்போறேன்ணே!"