ஏணிக்கு வைத்த பொட்டு

மளிகைக் கடை ஏணியின் ஒரு காலில் ரப்பர் கழன்று போய் மாதக்கணக்காகிவிட்டது. நேற்று மேல்தட்டில் இருந்த சேமியாவை எடுக்க ஏறிய கடை வேலைக்காரி குணவதி, ஏணி வழுக்கிக் கீழே விழுந்தாள். இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

“கடைக்குக் கண்ணு பட்டிருக்கு” என்றார் முதலாளி. விற்பனைக்கு இருந்த பூசணிக்காய் ஒன்றில் குங்குமம் தடவி, ஏணி பக்கத்தில் வைத்துவிட்டுக் கற்பூரம் தேடிப் போனார்.

“அவ விழுந்ததுக்கு என்னை ஏன்பா உடைக்கிறாங்க?” என்று பூசணிக்காய் கேட்டது.

“எனக்கு ஒரு ரப்பர் மாட்டினாப் போதும். ஆள் ஏறும்போதெல்லாம் கிரீச் கிரீச்னு கத்தித்தான் பார்க்கிறேன். யார் காதுலயும் விழல” என்றது ஏணி.

“என்னை உடைச்சா உன் கால் சரியாயிடுமா?”

ஏணி வாய் திறப்பதற்குள் முதலாளி வந்து பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போனார். வாசலில் அது சிதறும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவர், ரப்பர் இல்லாத அந்தக் காலிலேயே சந்தனப் பொட்டு வைத்தார். குணவதிக்குப் பதிலாக வந்திருந்த தவமணியைக் கூப்பிட்டார்.

“இனிமே பயமில்ல. ஏறும்மா, சேமியாவை எடு.”

ஏணி தன்னால் முடிந்த மட்டும் கத்தியது. தவமணி பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள்.